‘ஏன்’ என்று கேட்க ஒருவர்: ‘தி 400 ப்ளோஸ்’ படம் உருவான கதை

முந்தைய நாள் ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று ஆசிரியர் கேட்கிறார். அந்த்வான் துவானெல் என்ற அந்தச் சிறுவனின் கையில் விடுப்புக் கடிதம் இல்லை. வேறு வழி தெரியாமல், தன் அம்மா இறந்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறான். கடுகடுவென்று இருந்த ஆசிரியரின் முகம் சட்டென்று இளகுகிறது. பிறகு அந்த அம்மாவே பள்ளிக்கு வந்து நிற்கிறார். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அப்பா அவனைக் கன்னத்தில் அறைகிறார்.

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவின் ‘தி 400 ப்ளோஸ்’ படத்தில் வரும் காட்சி இது. 1959இல் வெளிவந்த இந்தப் படத்தை, பள்ளிப் பருவத்தைப் பேசும் உலகத் திரைப்படங்களில் முதல் வரிசையில் வைப்பார்கள். இயக்குநர் தம் சொந்தப் பிள்ளைப் பருவத்திலிருந்து பெரும்பகுதியை எடுத்து, அதில் கற்பனையும் கலந்து உருவாக்கினார். அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான் இதைப் பல முறை பார்த்திருக்கிறேன். படம் உருவான விதத்தைப் படித்தபோதுதான் ஆசிரியர்களுக்கு இதில் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது. பொய்யன், திருடன் என்று பெரியவர்கள் முத்திரை குத்திய ஒரு பையன், வளர்ந்து தன் கதையைத் தானே சொல்ல எப்படி வழி கண்டான் என்பதே அந்தக் கதை.

தலைப்பும் கதையும்

‘நானூறு அடிகள்’ என்று தலைப்பை நேராகப் பெயர்த்துக்கொண்டு, சிறுவன் வாங்கும் அடிகளைப் பற்றிய படம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிரெஞ்சில் அது ஒரு மரபுத்தொடர். நாம் ‘ஆடாத ஆட்டமெல்லாம் ஆடுகிறான்’ என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அந்தப் பொருள்.

அந்த்வான் பாரிஸ் நகரத்தில் ஒரு மிகச் சிறிய வீட்டில் வளர்கிறான். அவனுக்கென்று அறை கிடையாது; நடைவழியில் படுக்கை. அம்மாவுக்கு அவன்மேல் ஒட்டுதல் குறைவு. அப்பா அவனைப் பெற்றவர் அல்லர். பெயர் கொடுத்து வளர்ப்பவர். நண்பன் ரெனேயோடு பள்ளிக்கு மட்டம் போட்டுத் திரியும் ஒரு நாளில், தன் அம்மா வேறொருவரோடு தெருவில் நிற்பதை அவன் பார்த்துவிடுகிறான். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சிக்கல்கள் சேர்கின்றன. வீட்டைவிட்டு ஓடுகிறான். அப்பாவின் அலுவலகத்தில் தட்டச்சுப் பொறியைத் திருடுகிறான். விற்க முடியாமல் திருப்பி வைக்கப் போகும்போது பிடிபடுகிறான். அப்பாவே அவனைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். சிறார் கண்காணிப்பு இல்லத்துக்கு அனுப்பப்படுகிறான். அங்கிருந்தும் ஓடுகிறான்.

இயக்குநரின் பிள்ளைப் பருவம்

த்ரூஃபோ 1932 பிப்ரவரி 6 அன்று பாரிஸில் பிறந்தார். அவர் பிறந்தபோது தாய்க்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. பின்னர் அவரை மணந்துகொண்ட ரோலான் த்ரூஃபோ குழந்தைக்குத் தம் பெயரைக் கொடுத்தார். குழந்தை முதலில் செவிலித்தாயிடமும் பிறகு பாட்டியிடமும் வளர்ந்தது. பாட்டி இறந்த பிறகு, எட்டு வயது வாக்கில்தான் பெற்றோருடன் வாழ வந்தார். வீட்டில் சத்தமில்லாமல் இருக்க வேண்டும் என்பதால் புத்தகமே துணை. வெளியே போனால் திரையரங்கு. பள்ளியைப் பதினான்கு வயதில் விட்டுவிட்டார். ரொபேர் லாஷ்னே என்ற பள்ளித் தோழர்தான் அந்நாட்களில் அவருக்கு எல்லாமாக இருந்தார். படத்தில் வரும் ரெனே அவருடைய சாயலே.

1948இல், பதினாறு வயதில், த்ரூஃபோ ஒரு திரைப்படச் சங்கம் தொடங்கினார். கடன் ஏறியது. சிறு திருட்டுகளும் சேர்ந்துகொண்டன. தந்தை அவரைக் காவல்துறையிடம் ஒப்படைத்தார். பாரிஸுக்குத் தெற்கே வில்ஜுயிஃப் என்னும் ஊரில் இருந்த சிறார் கண்காணிப்பு இல்லத்துக்கு அவர் அனுப்பப்பட்டார். படத்தில் கடன் வராது. தட்டச்சுப் பொறி வரும். காவல் நிலையமும் கண்காணிப்பு இல்லமும் இரண்டிலும் உண்டு.

வகுப்பறை கிடைக்காத ஆசிரியர்

இந்த இடத்தில் ஆந்த்ரே பஸான் என்பவரை நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1918இல் பிறந்த பஸான், ஆசிரியர் ஆக வேண்டும் என்று விரும்பி, ஆசிரியர்களை உருவாக்கும் உயர்கல்வி நிறுவனத்தில் படித்தவர். அவருக்குத் திக்குவாய். வாய்மொழித் தேர்வில் அதுவே தடையாகி, பள்ளியில் கற்பிக்கும் தகுதி அவருக்குக் கிடைக்கவில்லை. வகுப்பறைக் கதவு மூடியதும், தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் படங்களைத் திரையிட்டு, அவற்றைப் பற்றிப் பேசும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் உலகின் முக்கியமான திரைப்படச் சிந்தனையாளர்களில் ஒருவராக அறியப்பட்டார்.

த்ரூஃபோ அவரைச் சந்தித்தது ஒரு புகாரோடு. பஸானின் திரையிடலும் தம் சங்கத்தின் திரையிடலும் ஒரே நேரத்தில் நடப்பதால் தமக்குக் கூட்டம் சேரவில்லை, நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கப் போனார். பஸான் அந்தப் பையனைத் துரத்தவில்லை, உட்காரவைத்துப் பேசினார். கண்காணிப்பு இல்லத்திலிருந்து த்ரூஃபோ வெளியே வர உதவியவர் அவர்தான்; வேலை கொடுத்தவரும் அவர்தான். பிறகு த்ரூஃபோ இராணுவத்தில் சேர்ந்து, அங்கிருந்து தப்பியோடி, சிறைப்பட்டபோதும் அவரே மீட்டார். பஸானும் அவர் மனைவி ழனீனும் த்ரூஃபோவைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். பஸான் 1951இல் நண்பர்களோடு தொடங்கிய ‘கையே து சினிமா’ இதழில்தான் த்ரூஃபோ விமர்சகராக வளர்ந்தார்.

1958 நவம்பர் 10 அன்று ‘தி 400 ப்ளோஸ்’ படப்பிடிப்பு தொடங்கியது. மறுநாள் பஸான் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது நாற்பது. படம் அவர் நினைவுக்கே காணிக்கை ஆக்கப்பட்டது.

நினைவு திரைக்கதை ஆனது

முதலில் த்ரூஃபோ எடுக்க நினைத்தது ஒரு குறும்படம். பொய் சொல்லிவிட்டு, அது தெரிந்துபோனதும் வீட்டுக்குப் போகப் பயந்து ஓடும் ஒரு சிறுவனின் கதை. அது விரிந்து முழுநீளப் படமானது. சொந்த வாழ்க்கையை எழுதும்போது தன்னிரக்கம் எளிதில் புகுந்துவிடும். த்ரூஃபோ தனியாக எழுதாமல், தொலைக்காட்சிக்கு எழுதிவந்த மார்ஸெல் மூஸியைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். கதையில் வரும் பெற்றோர் வெறும் கொடுமைக்காரர்களாகிவிடாமல், அன்றாடம் நாம் பார்க்கும் மனிதர்களாக உருவானது இந்தக் கூட்டு முயற்சியில்தான். குடும்பம் மூவரும் ஒன்றாகப் படம் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே காரில் திரும்பும் ஒரு காட்சி உண்டு. அந்த்வானின் வீட்டில் சந்தோஷமே இல்லை என்று சொல்லிவிட முடியாதபடி அது நிற்கிறது.

இன்னொரு மாற்றம் காலம். த்ரூஃபோவின் பள்ளி நாட்கள் இரண்டாம் உலகப் போரின்போது, பாரிஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலத்தில் கழிந்தவை. அந்தக் காலத்தை மீண்டும் உருவாக்கப் பணம் வேண்டும். எனவே கதை 1950களின் இறுதிக்கு நகர்த்தப்பட்டது. அதனால் பொய்யும் மாறியது. தம் அப்பாவை ஜெர்மானியர்கள் பிடித்துச் சென்றுவிட்டார்கள் என்பதே தாம் உண்மையில் ஆசிரியரிடம் சொன்ன பொய் என்று த்ரூஃபோ பின்னர் கூறியிருக்கிறார். போர்க்காலத்தில் அது எவரும் நம்பக்கூடிய பொய். அமைதிக் காலத்தில் அதற்கு ஈடான ஒரு பொய்யைத் தேடியபோது அம்மாவின் மரணம் வந்தது. அம்மாவைப் பற்றி அந்த்வானின் மனத்தில் கிடப்பதை வேறு எந்த வசனமும் இவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்காது. நடந்ததை அப்படியே எழுதுவதைக் காட்டிலும், மாற்றி எழுதியதில் உண்மை கூடியிருக்கிறது. பாதி சுயசரிதை என்று இத்தகைய படங்களைச் சொல்வதன் பொருள் இதுதான்.

பையன் கிடைத்தான்

அந்த்வானாக நடிக்கச் சிறுவன் தேவை என்று பாரிஸ் நாளிதழ் ஒன்றில் விளம்பரம் வந்தது. பல சிறுவர்கள் வந்தார்கள். தேர்வானவர் ழான் பியர் லெயோ, வயது பதினான்கு. தாய் நடிகை, தந்தை திரைக்கதை எழுதுபவர். விடுதிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் நல்ல பெயர் எடுத்த மாணவர் அல்லர். தேர்வுக்கு வந்த மற்றச் சிறுவர்களையும் த்ரூஃபோ வெறுங்கையோடு அனுப்பவில்லை. படத்தில் அந்த்வானின் வகுப்புத் தோழர்களாக அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

த்ரூஃபோ மனத்தில் வைத்திருந்த அந்த்வான் ஒடுங்கிய பிள்ளை. லெயோவோ துடுக்கானவர். இயக்குநர் பையனை அடக்கித் தம்மைப் போல ஆக்க முயலவில்லை. பாத்திரத்தைப் பையனை நோக்கி நகர்த்தினார். காட்சியின் சூழலைச் சொல்லிவிட்டு, சொந்தச் சொற்களில் பேசச் சொன்னார். பதினான்கு வயதுப் பையன் இயல்பாகப் பேசும் சொல், எழுதி வைத்த சொல்லைவிடப் பொருத்தமாக இருந்த இடங்களில் எழுதியது கைவிடப்பட்டது. பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் நமக்கு இந்த முறை புதிதல்ல. நாம் ஆயத்தம் செய்து போகிறோம். எதிரே இருக்கும் பிள்ளையைப் பார்த்த பிறகு அதை மாற்றுகிறோம்.

குறைந்த பணம், உண்மையான தெரு

த்ரூஃபோவுக்கு அப்போது வயது இருபத்தாறு. கையில் பெரிய முதலீடு இல்லை. திரைப்பட விநியோகத் தொழிலில் இருந்த மாமனார் உதவியோடு, தம் சொந்த நிறுவனத்தின் வழியாகப் படத்தைத் தயாரித்தார். அரங்கு அமைக்காமல் பாரிஸின் தெருக்களிலும் உண்மையான வீடுகளிலும் எடுத்தார். ஒளிப்பதிவாளர் ஆன்ரி தெகாய், இத்தகைய இடங்களில் கருப்பு வெள்ளையில் படம் பிடிப்பதில் கைதேர்ந்தவர். பெரும்பாலான காட்சிகளுக்கு ஒலி பின்னர்தான் சேர்க்கப்பட்டது. அகன்ற திரைக்கு ஏற்ற சட்டகத்தைத் தேர்ந்துகொண்டதால், அந்த்வான் தெருவில் திரியும்போது நகரமே அவனைச் சுற்றி விரிகிறது. வீட்டுக்குள் வந்தால் அதே சட்டகத்தில் மூன்று பேர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளைக்குத் தெரு எப்படி இழுப்பாக இருக்கும் என்பது விளக்கம் இல்லாமலே புரிகிறது.

வகுப்பறைக் காட்சிகள்

ஆசிரியர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டியவை இவை. படத்தின் தொடக்கத்தில் ஒரு பெண்ணின் படம் வகுப்பில் கைமாறிக்கொண்டே போகிறது. பலர் கையில் இருந்த படம், ஆசிரியர் கண்ணில் படும்போது அந்த்வானின் கையில் இருக்கிறது. மூலையில் நிறுத்தப்படுகிறான், இடைவேளை மறுக்கப்படுகிறது. மூலையில் நின்றவன் சுவரில் கிறுக்குகிறான். அதற்குத் தண்டனையாக, சுவரை அசுத்தம் செய்ததைப் பற்றிய ஒரு வாக்கியத்தை இலக்கணத்தின் எல்லா வினைவடிவங்களிலும் எழுதிவர வேண்டும். வீட்டில் அதை எழுதி முடிக்க முடியவில்லை. எழுதாததால் மறுநாள் பள்ளிக்குப் போகவில்லை. போகாததால்தான் அம்மா இறந்த பொய். ஒரு தண்டனை அடுத்த தவறைப் பெற்றெடுக்கும் இந்தச் சங்கிலியைப் படம் எந்தக் கருத்துரையும் இல்லாமல் காட்டுகிறது.

பெரிதும் பேசப்படாத ஒரு சின்னக் காட்சியும் உண்டு. ஒரு மாணவன் குறிப்பேட்டில் எழுதும்போது மை கொட்டுகிறது. தாளைக் கிழிக்கிறான். அடுத்த தாளிலும் மை. அதையும் கிழிக்கிறான். நன்றாக எழுத வேண்டும் என்ற பதற்றத்திலேயே குறிப்பேடு தீர்ந்துபோகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் இந்தப் பிள்ளையைத் தெரியும். இதே பள்ளியில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. தந்தை எங்கே இருக்கிறார் என்ற பொருளுள்ள ஆங்கில வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கிறார்கள்; உச்சரிப்பு மட்டுமே அங்கே பிரச்சினை. தன்னைப் பெற்ற தந்தை யாரென்று அறியாமல் வளர்ந்த ஒருவர் இந்தக் காட்சியை எழுதியிருக்கிறார் என்பதை நினைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

மிக முக்கியமானது கட்டுரைக் காட்சி. தன்னைப் பாதித்த ஒரு முக்கிய நிகழ்ச்சி பற்றி எழுத வேண்டும். நாம் ‘மறக்க முடியாத நிகழ்ச்சி’ என்று கொடுக்கிறோமே, அதேதான். பால்ஸாக்கின் நாவலைப் படித்து உருகிப்போயிருந்த அந்த்வான், தாத்தாவின் மரணத்தைப் பற்றி எழுதுகிறான். நாவலின் இறுதிப் பகுதி அப்படியே அவன் கட்டுரைக்குள் வந்துவிடுகிறது. வீட்டில் பால்ஸாக்கின் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி வழிபட்டவன் அவன். அந்தத் தீ திரைச்சீலையில் பற்றி வீட்டில் கலவரமும் ஆகியிருக்கிறது. ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிவது காப்பியடித்த தாள் ஒன்றுதான். அவனைத் தலைமையாசிரியரிடம் அனுப்புகிறார். அவன் அங்கே போகாமல் பள்ளியைவிட்டே ஓடுகிறான்.

பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவது தவறு என்பதை நாம் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் துணைநூலைப் பார்த்து எழுதுவதும், நெஞ்சில் ஊறிய வரிகள் தானாக வந்து விழுவதும் ஒன்றல்ல. என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரையில், நூலகப் புத்தகத்தின் இரண்டு பத்திகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. எங்கே படித்தாய் என்று கேட்டேன். மறுநாள் புத்தகத்தைக் கொண்டுவந்து, மதிய உணவு இடைவேளை முழுவதும் அதைப் பற்றிப் பேசினாள். ஆசிரியர் பெயரைச் சொல்லிவிட்டு அவருடைய வரியை மேற்கோளாக எழுது, அதன் கீழே உனக்குத் தோன்றியதை எழுது என்றேன். மேற்கோள் காட்டுவதை நான் இலக்கணமாக நடத்தியபோது புரியாதது அவளுக்கு அன்று புரிந்தது.

கேள்வி கேட்கும் குரல்

கண்காணிப்பு இல்லத்தில் உளவியலாளர் அந்த்வானிடம் பேசும் காட்சி, திரைப்பட வரலாற்றில் தனி இடம் பெற்றது. கேட்பவர் முகம் திரையில் வராது. ஒரு பெண் குரல் கேள்வி கேட்கும். அந்த்வானின் முகம் மட்டும் தெரியும். படப்பிடிப்பில் கேள்விகளைக் கேட்டவர் த்ரூஃபோ. லெயோவின் பதில்கள் முன்கூட்டி எழுதிக் கொடுக்கப்பட்டவை அல்ல. பின்னர் த்ரூஃபோவின் குரலை எடுத்துவிட்டுப் பெண் குரலைச் சேர்த்தார்கள். பதில்களுக்கு இடையே அந்த்வான் தயங்குகிறான், சிரிக்கிறான், விரல்களோடு விளையாடுகிறான். கேமரா அவசரப்படவில்லை. நிகழ்ச்சியைத் துண்டு துண்டாக வெட்டாமல், பார்ப்பவர் தாமே கவனிக்க நேரம் கொடுக்க வேண்டும் என்று பஸான் எழுதிவந்தார். அந்தப் பாடம் இந்தக் காட்சியில் நடைமுறையாகியிருக்கிறது.

அந்த்வான் அங்கே சொல்வதைக் கேளுங்கள். உண்மையைச் சொன்னாலும் தன்னை நம்ப மாட்டார்கள் என்பதால் பொய் சொல்வதாகச் சொல்கிறான். பாட்டி கொடுத்த புத்தகத்தை அம்மா விற்றுவிட்டதைச் சொல்கிறான். அம்மா தன்னைப் பெற விரும்பவில்லை, பாட்டியால்தான் தான் பிறந்தேன் என்பதை ஒரு சண்டையில் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொல்கிறான். அதுவரை படத்தில் அவனிடம் எத்தனையோ பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அவை எல்லாம் குற்றத்தை உறுதிசெய்யக் கேட்ட கேள்விகள். ‘ஏன்’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர் இவர் ஒருவரே. கேட்ட இடமோ பூட்டிய இல்லம். பள்ளியில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, காலம் கடந்து அங்கே கேட்கப்படுகிறது.

கடல்

கால்பந்து விளையாட்டின் நடுவே அந்த்வான் வேலிக்கு அடியில் நுழைந்து தப்புகிறான். ஒரு நிமிடத்துக்கும் மேலாக வெட்டே இல்லாமல் கேமரா அவன் ஓட்டத்தோடு கூடவே போகிறது. அவன் அதுவரை பார்த்திராத கடல் வருகிறது. அலையில் கால் நனைத்துவிட்டுத் திரும்பி நம்மைப் பார்க்கிறான். அந்த இடத்தில் படம் உறைந்து நின்றுவிடுகிறது. அவன் திருந்தினானா, பிடிபட்டானா என்பதற்குப் பதில் இல்லை.

1959 கான் திரைப்பட விழாவில் த்ரூஃபோவுக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. கடுமையான விமர்சனங்களுக்காக முந்தைய ஆண்டு அதே விழா அவருக்கு அனுமதி மறுத்திருந்தது. லெயோ அந்த்வான் பாத்திரத்திலேயே தொடர்ந்து வளர்ந்தார். 1979 வரை மேலும் நான்கு படங்களில் அதே அந்த்வானாக நடித்தார்.

புகழுக்கு ஒரு விலையும் இருந்தது. படத்தைக் கண்ட பெற்றோர் மிகவும் புண்பட்டனர். இது தம் வாழ்க்கை வரலாறு அல்ல என்று த்ரூஃபோ பத்திரிகையில் எழுதினார். உறவில் விழுந்த விரிசல் எளிதில் ஆறவில்லை. சொந்த வாழ்க்கையை எழுதச் சொல்லி நாம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்தத் தாளில் வீட்டார் பற்றிய செய்தி இருந்தால், அதை வகுப்பில் உரக்கப் படிக்கலாமா என்று அந்தப் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டும்.

1970இல் வந்த ‘காட்டுச் சிறுவன்’ கதையைச் சொல்லும் படத்தில், பேசத் தெரியாத ஒரு பையனுக்குக் கற்பிக்கும் மருத்துவர் இதார் வேடத்தில் த்ரூஃபோவே நடித்தார். அதை லெயோவுக்குக் காணிக்கையாக்கினார். பஸான் தமக்குச் செய்ததை, பள்ளியை விட்டு ஓடிய அந்தப் பையன் இன்னொரு பையனுக்குச் செய்திருக்கிறார்.

நாம் பார்ப்பதற்கு

நம் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுகின்றன. ‘தி 400 ப்ளோஸ்’ அந்த வரிசைக்கு உரியது அல்ல. இது பெரியவர்கள் பார்க்க வேண்டிய, சிறுவனைப் பற்றிய படம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். குறுவள மையக் கூட்டத்துக்குப் பிறகோ, விடுமுறை நாளிலோ ஆசிரியர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பார்க்கலாம். பார்த்த பிறகு மூன்று காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுங்கள்: மூலையில் நிறுத்துவது, கட்டுரையைத் திருப்பித் தருவது, உளவியலாளர் கேட்பது. ஒவ்வொன்றிலும் அந்தப் பெரியவரின் இடத்தில் நாம் இருந்தால் அடுத்த வாக்கியமாக என்ன சொல்லியிருப்போம் என்று ஆளுக்கொரு தாளில் எழுதிப் படித்துப் பாருங்கள். என் அனுபவத்தில், படத்தைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு அவரவர் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் பெயர்கள் வரத் தொடங்கும்.